கிளடிஸ் அன்ரிக்கு வோட்டில்லாத தேர்தல்

"...எல்லாத்துக்கும் காரணம் இவர்தான் தம்பி, என்ர மனுசன். வேற ஆர்? வீட்டுக்குள்ள அந்த அமெரிக்கத் தேர்தலைக் கொண்டு வராமல் இருந்திருந்தா, நான் போன ஒக்ரோபரிலயே கனேடியன். இப்ப பாரும், இந்தப் பெப்ரவரிக் குளிருக்குள்ள ரெண்டு பஸ் மாறி, திரும்பவும் இந்த சிற்றிசன்சிப் ஒஃபிசில வந்து குந்திக்கொண்டிருக்கிறன். நீர் சோதினைக்கு முதல் தரமோ? ஓம், முகத்தைப் பாக்கவே தெரியுது. புத்தகத்தை மூடி வையும். வாசிக்க வாசிக்கப் பயம்தான் கூடும்..."

சச்சிதானந்தன் புத்தகத்தை மூடவில்லை. விரலை உள்ளே வைத்துக்கொண்டு அரைவாசிக்கு மடித்தான். மாகாணங்களின் தலைநகரங்களை இன்னும் ஒருதரம் ஓட்டிப் பார்க்கவேண்டுமென்றுதான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேரத்தோடு வந்திருந்தான். சுற்றிவர எத்தனையோ கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. ஆனாலும் அந்த அன்ரி, ஜக்கெற்றைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, நேரே வந்து அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். 'தமிழோ?' என்று கேட்டார். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவன் விட்ட பிழை.

"என்ர பேர் கிளடிஸ். மில்லிக்கனில இருக்கிறம். இவர் வின்சன்ற். காருக்குப் பாட்ஸ் செய்யிற ஃபக்ரறியில வேலை... ம்? இல்லை, அவர் இஞ்ச இல்லை. அவர் எப்பவோ பாஸ்! ரெண்டு பேரும் ஒரே நாள்தான் வந்தனாங்கள். சிற்றிசன்சிப் ஜட்ஜ் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு சொல்லு, ரெண்டு சொல்லு. அஞ்சு நிமிசத்தில வெளியால வந்து கோப்பி குடிக்கிறார். வீட்டிலயும் உப்பிடித்தான், ஒரு சொல்லு, ரெண்டு சொல்லு. உந்த மனுசனோட இருபத்திரண்டு வருசம் நான் தனிய நிண்டு கதைச்சிருக்கிறன் தம்பி, ஆர் நம்புவினம்!

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்... ஓ, தேர்தல். எனக்கு ஒரு தங்கச்சி, றோஸ்மேரி. நியூ ஜேர்சியில. புருசன்காரன் விட்டிட்டுப் போயிட்டான், அது தனிக் கதை, அதைச் சொல்லி முடிக்க முதல் உம்மை உள்ள கூப்பிட்டிடுவாங்கள். ரெண்டு பிள்ளையள். அவளுக்குப் பித்தப்பையில கல்லு. இஞ்ச எண்டா ஹெல்த் கார்ட்டைக் காட்டினாப் போதும், வெட்டி எடுத்துப்போட்டு, ஜெல்லோவும் தீத்தி அனுப்புவாங்கள். அங்க? கடையில பாட் ரைம் வேலை, இன்சூரன்ஸ் குடாங்கள். சொந்தமா எடுப்பமெண்டு போனா, உமக்குத்தான் ஏற்கனவே கல்லு இருக்கே, ஏலாது எண்டிட்டாங்கள். கல்லு இருக்கிறவைக்குத்தானே தம்பி இன்சூரன்ஸ் வேணும்? கல்லில்லாததுகள் அதை வைச்சு என்ன செய்யப் போகுதுகள்? சுவரில கொழுவி வைக்கிறதோ?

அவள் போன் எடுத்து, 'அக்கா, இண்டைக்கும் நோகுது' எண்டேக்க எனக்கு இஞ்ச சோறு இறங்காது. அப்பதான் ஒரு நாள் எல்லைக்கு அங்கால பஃபலோ ரீவியில அந்தப் பெடியன் சொன்னான், நான் வந்தா எல்லாருக்கும் வைத்திய இன்சூரன்ஸ் எண்டு. அவன்தான், கறுப்புக் கண்ணாடியும் போட்டு சாக்ஸபோன் ஊதினவன். நான் கையில இருந்த உள்ளியைக் கீழ வைச்சிட்டன். அண்டைக்குத் துடங்கினது.

போட்டியில மூண்டு பேர் தம்பி. ஒண்டு, அப்ப ஜனாதிபதிக் கதிரையில இருந்த கிழவர். மற்றது, இந்தச் சாக்ஸபோன் பெடியன். மூண்டாவது, ஒரு கட்டையான பணக்காரன். கணக்குக் கீறின சார்ட்டும் தடியும் வைச்சுக்கொண்டு, ரீவியில நேரத்தை விலைக்கு வாங்கி, முழு நாட்டுக்கும் ரியூசன் எடுத்தவர். என்ர மனுசனுக்கு அந்தச் சார்ட்காரனைத்தான் பிடிச்சுது. ஏனெண்டா அந்தாள் சொல்லுது, மெக்சிக்கோவோட வாசலைத் திறந்து விட்டா ஃபக்ரறி வேலையெல்லாம் தெற்கால ஓடிப்போயிடும் எண்டு. இவற்ற ஃபக்ரறியில அந்த நேரம் ஆக்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவங்கள். மனுசன் பயந்துபோய் இருந்தது, எனக்கு அது விளங்குது. ஆனா அந்தச் சார்ட்காரன் பெற்றோலுக்கும் வரி கூட்டவேணும் எண்டான் பாரும்! வேலையில்லாதவன் பெற்றோலும் அடிக்காமல் வேலை தேட எப்பிடிப் போறது? நடந்தோ?

இவர் சொல்லுவார், 'வேலை போனா வைத்தியம் எங்கால?' நான் சொல்லுவன், 'உயிர் போனா வேலை எங்கால?' இப்பிடி விடிய விடிய. மேல்மாடியில இருக்கிற சீனன் வந்து கதவைத் தட்டி, பொலிசைக் கூப்பிடட்டோ எண்டு கேட்டவன். நான் சொன்னன், வேண்டாம், உள்ள வாரும், நீர் ஆற்ற பக்கம்? அவன் ஓடிட்டான்.

ஆனா தம்பி, எனக்கும் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் கத்தோலிக்கம். கிழவர் கருக்கலைப்புக்கு எதிர். பெடியன், அது பொம்பிளையின்ர முடிவு எண்டு சொல்லுறான். நான் என்ன செய்யிறது? ஞாயிறு பூசை முடிய அல்பேட் பாதரை மறிச்சுக் கேட்டன். 'பாதர், கருவைப் பாத்தா கிழவர். கல்லைப் பாத்தா பெடியன். எதைப் பாக்கிறது?' பாதர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, 'கிளடிஸ், உமக்கு அங்க வோட்டே இல்லையே' எண்டார். 'வோட்டில்லாட்டி மனச்சாட்சியும் இல்லையோ பாதர்?' எண்டன். பாதர் கோவிலுக்குள்ள போயிட்டார்.

பிறகு நானே யோசிச்சன். கிழவர் முந்தி என்ன சொன்னவர்? புது வரி இல்லை, என்ர வாயைப் பாருங்கோ எண்டு. பிறகு போட்டவரே? போட்டவர்! மூண்டு பேரும் வாதாடின டிபேற்றில சனத்துக்குள்ள ஒரு பிள்ளை எழும்பி நிண்டு, எங்கட கஷ்டம் உமக்கு விளங்குதோ எண்டு கேக்குது, மனுசன் மணிக்கூட்டைப் பாக்கிறார். பெடியன் எழும்பி அந்தப் பிள்ளைக்குக் கிட்டப் போய், கண்ணைப் பாத்துக் கதைச்சான். எனக்கு அதோட முடிஞ்சுது. பிறக்காத பிள்ளையளுக்காக நான் செபமாலை சொல்லுவன். றோஸ்மேரியின்ர பிறந்த பிள்ளையள் ரெண்டுக்கும் தாய் வேணும். பிழையோ? சொல்லும்... சரி, சொல்லாதையும், நீர் வாசியும்."

சச்சிதானந்தன் வாசிக்கப் பார்த்தான். ஒரே வரியில் கண் மூன்று தரம் சறுக்கியது. உண்மையில் அவனுக்கும் இப்போது அந்தப் பெடியன் வென்றானா என்பதைவிட, இந்த அன்ரி எப்படித் தோற்றார் என்று அறியத்தான் ஆவலாக இருந்தது. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் போல, கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

"அண்டைக்கு ஜட்ஜ் ஒரு வெள்ளைக்கார மனுசி. நல்ல மனுசி, பொய் சொல்லக்கூடாது. எப்ப வந்தனீர், எங்க வேலை, எல்லாம் கேட்டவ. சொன்னன். பிறகு, சிற்றிசனுக்கு இருக்கிற ஒரு உரிமையைச் சொல்லும் எண்டவ. வோட்டுப் போடுறது எண்டன். 'வெறி குட்' எண்டு சிரிச்சா. அதோட விட்டிருக்கலாம்தானே? 'வோட்டுப் போடேக்க என்னத்தைப் பாத்துப் போடுவீர்?' எண்டு கேட்டிட்டா.

தம்பி, முதல் நாள் இரவுதான் கடைசி டிபேற் நடந்தது. எனக்குத் தொண்டை வரைக்கும் நிக்குது. நான் துடங்கினன். வரியில மூண்டு பேரும் என்ன சொல்லுகினம், வைத்தியத்தில என்ன, மெக்சிக்கோவில என்ன, கருவில என்ன, ஒண்டையும் விடேல்லை. என்ர இங்கிலீசு அண்டைக்கு ஓடின மாதிரி ஒரு நாளும் ஓடேல்லை! மனுசி பேனையை வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறா. எனக்குச் சந்தோசம். கடைசியில சொன்னன், 'மடம், தயவுசெய்து நீங்கள் அந்தச் சார்ட்காரனுக்கு மட்டும் போட்டிடாதேங்கோ.'

மனுசி சொன்னா, 'எனக்கு அங்க வோட்டில்லை. உமக்கும் இல்லை. இந்த நாட்டைப் பற்றிக் கதைப்பமோ?' எனக்கு முகம் விறைச்சுப் போச்சு. பிறகு கேட்டா, கனடாவின்ர தலைநகர் என்ன? குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதோ? தெரியும்! ஆனா வாய் திறக்க வந்தது என்ன தெரியுமோ? 'லிட்டில் றொக்.' ...சிரியும், சிரியும். பரவாயில்லை. அது அந்தப் பெடியன்ர ஊர் தம்பி! ரெண்டு மாதமா எங்கட வீட்டு ரீவியில இரவு பகலா அந்த ஊர்தானே!

மனுசி இரக்கத்தோடதான் சொன்னா, வடிவாப் படிச்சுப்போட்டு வாரும் எண்டு. வெளியால வந்தா இவர் கோப்பியோட நிக்கிறார். 'என்னப்பா?' எண்டார். அவ்வளவுதான், ஒரு சொல்லு. நான் சொன்னன், உம்மாலதான்!

ஓம் தம்பி, அவராலதான். ரீவிக்குக் கேபிள்காரனைக் கூப்பிட்டது நான்தான், அது வேற. இவர் பாவம், அகஸ்ரின் அண்ணையிட்ட ஒரு வீடியோக் கசெற் வாங்கிக்கொண்டு வந்தவர். சிற்றிசன்சிப் கேள்வியெல்லாம் ஒரு வாத்தியார் தமிழில விளங்கப்படுத்துற கசெற். ரெண்டு பேரும் இருந்து பாப்பம் எண்டு கெஞ்சினவர். நான்தான், பிறகு பாப்பம் எண்டு, அதை அழிச்சு, அதுக்கு மேல அந்த டிபேற்றைப் பதிஞ்சு வைச்சனான். வேற கசெற் வீட்டில இல்லை, என்ன செய்யிறது? அவர் ஒளிச்சு வைச்சிருக்கலாம்தானே? ஒளிச்சு வைக்கேல்லை. அப்ப ஆற்ற பிழை?"

 அன்ரி ஜக்கெற்றின் சிப்பை மேலும் கீழுமாக இழுத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"அவளுக்கு இனித் தள்ளிப் போடேலாதாம். சித்திரையில ஒப்பரேசன். கோயில்காரர் ஓடித்திரிஞ்சு ஒரு ஆஸ்பத்திரியில ஒழுங்கு பண்ணியிருக்கினம். பிள்ளையளைப் பாக்க ஆரும் இல்லை. நான் அமெரிக்க விசாவுக்குப் போனா, இந்தச் சிலோன் பாஸ்போட்டைக் கண்டவுடன ஏலாதெண்டிட்டாங்கள். கனேடியன் பாஸ்போட் எண்டா, காரில ஏறினா பஃபலோவால பின்னேரம் போய் இறங்கலாம். அதுதான் தம்பி... அதுதான். பெடியன் வெண்டிட்டான், கதிரையிலயும் ஏறிட்டான், ஆனா சட்டம் எப்ப வரும், கல்லு அதுவரைக்கும் பொறுக்குமோ?

இந்த முறை எனக்குப் பாடம் எடுத்தது ஆர் எண்டு நினைக்கிறீர்? றோஸ்மேரிதான். புத்தகம் ஒண்டை அனுப்பிவிட்டனான். போனில கேள்வி கேப்பாள். நோகேக்கயும் கேப்பாள். 'அக்கா, மனிற்றோபா?' எண்டிட்டு ஒரு முனகல். நான் வினிப்பெக் எண்டுவன். அவளுக்கு இப்ப கனடா முழுக்கப் பாடம். இந்த நாட்டை அவள் கண்ணாலயும் கண்டதில்லை!"

"மிஸிஸ் வின்சன்ற்?"

கதவடியில் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். இது வேறு ஜட்ஜ். நரைத்த மீசை, கக்கத்தில் மடித்த பேப்பர். அன்ரி எழும்பினார். பேப்பரின் முன்பக்கத்திலிருந்த அந்தப் பெடியனின் படத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு சச்சிதானந்தனைப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அறை அமைதியானது. சச்சிதானந்தன் புத்தகத்தை விரித்தான். ஒன்றும் ஏறவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் அன்ரியின் குரல் கேட்கிறதா என்று காதைக் குடுத்தான். ஜட்ஜின் குரல்தான் கேட்டது. இடைக்கிடை ஒரு சின்னச் சத்தம், ஒரு சொல், ரெண்டு சொல். பிறகு ஜட்ஜின் குரல் நீண்ட நேரம் தனியே கேட்டது.  அன்ரி மயங்கி விழுந்துவிட்டாரோ என்றுகூடச் சச்சிதானந்தன் நினைத்தான்.

கதவு திறந்தது. அன்ரி உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தார். வந்து இருந்தார். மூச்சை ஒருதரம் இழுத்து விட்டார்.

"பாஸ்."

அவன் சிரிக்க வாயெடுக்க முதல் மிச்சம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாஸ், ஆனா கேளும் தம்பி! எல்லாக் கேள்விக்கும் சொன்னன். மனுசன் கையெழுத்தும் வைச்சிட்டுது. வைச்சிட்டு, சும்மா, பொழுதுபோக்குக்கு, பேப்பரைத் தட்டிக் காட்டுது. 'இவர் எல்லாருக்கும் வைத்தியம் எண்டுறார், உதெல்லாம் நடவாத கதை, அந்தச் சார்ட்காரன் சொன்னதுதான் சரி' எண்டுது. என்னைப் பாத்து, 'நீர் என்ன நினைக்கிறீர்?' எண்டும் கேக்குது! எனக்கு இஞ்ச வரைக்கும் வந்திட்டுது. றோஸ்மேரியின்ர கல்லு, ரெண்டு பிள்ளையள், இன்சூரன்ஸ்காரன் சொன்னது, எல்லாம் இந்தத் தொண்டையில. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? 'எனக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது சேர்.' நான்! எனக்குத் தெரியாதாம்! ஆறு மாதம் இருந்து பாத்தனான் தம்பி, எனக்குத் தெரியாதாம்..."

அன்ரியின் கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் கூடவே நின்றது. எது முந்துமென்று அவருக்கே தெரியவில்லை.

"மிஸ்ரர் சச்சி... சச்சிதா..." என்று கதவடியிலிருந்து குரல் தடுமாறியது.

சச்சிதானந்தன் எழும்பினான். அன்ரி அவன் கையை எட்டிப் பிடித்தார். "தம்பி, நீராவது அந்த மனுசனுக்கு விளங்கப்படுத்தும், இன்சூரன்ஸ் எண்டா என்னெண்டு..." என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடியை விட்டார். "வேண்டாம். வேண்டாமப்பு. போய்ப் பாஸ் பண்ணிக்கொண்டு வாரும்."

அவன் போனான். கதவைச் சாத்தத் திரும்பும்போது, அன்ரி விறாந்தையில் இருந்த பொதுத் தொலைபேசிக்கு முன்னால் நின்றார். றிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியிருந்தார். அங்காலே யாரோ எடுத்துவிட்டார்கள்.

"றோஸ்மேரியோ? நான் வாறன் எடி."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சுவரோடு சாய்ந்துகொண்டு, அங்கே தங்கச்சி சொல்வதையெல்லாம் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.