தெய்வத்திரு வேதகிரி ஐயா வடகம்

வடகம் தாளிக்கும் வாசனையை மட்டும் காகிதத்தில் அச்சடிக்க முடிவதில்லை, ஐயா. மற்ற எல்லாவற்றையும் அச்சடித்துவிடலாம். பழமை, கைப்பக்குவம், நம்பிக்கை, எதுவானாலும்.

என் பெயர் தினகரன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிசைன் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து பேனர், அரிசி மூட்டைக்கு லேபிள் என்று எது வந்தாலும் செய்வேன்.

சாலவாக்கம் சுகிர்தா, தன் வீட்டு மாடியில் தாளிப்பு வடகம் உருட்டிக் காயவைத்து விற்பவள். நல்ல சரக்கு. ஆனால் வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். "அண்ணா, பாக்கெட்ட பாத்தா பரம்பரையா செய்யறவங்கன்னு தோணணும்," என்றாள். கொரோனாவில் அவள் கணவனுக்கு வேலை போன பிறகுதான் அவள் வடகமே போடக் கற்றுக்கொண்டாள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பரம்பரை இல்லாதவர்களுக்கு உண்டாக்கித் தருவதுதானே என் தொழில்.

ஆனால் யோசனை வரவில்லை. நெட்டில் தேடினால் எல்லாம் ஒரே மாதிரி. கோலம், கோபுரம், மண்பானை. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்தான் எரிந்தது. புதிதாக ஏதாவது தோன்ற வேண்டுமென்றால் எழுந்து வெளியே போக வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு மாகறல் பக்கம் போனேன்.

அங்கே வரப்பில் உட்கார்ந்து ஒருவர் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூலி வேலை செய்யும் தானியேல் அவர் என்று பின்னால்தான் தெரிந்தது. காது வரை போகும் வெள்ளை மீசை. வடகத் துவையலைத் தொட்டு வாயில் வைத்ததும் கண்ணை மூடினார் பாருங்கள், அந்த நிறைவு எந்த கம்ப்யூட்டரிலும் கிடைக்காது. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று போனில் எடுத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு எடுத்தால் எல்லாரும் ஆதார் கார்டு முகம் வைத்துக்கொள்வார்கள்.

கடைக்கு வந்ததும் அவர் நெற்றியில் திருநீறு பூசினேன். கிழிந்த துண்டை எடுத்துவிட்டு ஜரிகை அங்கவஸ்திரம் போட்டேன். வேதகிரி என்று பெயரும், மாகறல் என்று ஊரும் வைத்தேன். கடைசியாக ஒரு சந்தன மாலை. மாலை போட்ட படத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. 'நிறுவனர் தெய்வத்திரு வேதகிரி ஐயா' என்று கீழே எழுதியபோது நானே கைகூப்பிவிட்டேன்.

சரக்கு நன்றாகப் போயிற்று. காஞ்சிபுரத்துக் கடைகளில் பெயர் சொல்லி வாங்கினார்கள். சுகிர்தா அந்தப் படத்தைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்ற ஆரம்பித்தாள். யார் இவர் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் தானியேல் கையில் பாக்கெட்டோடு வந்து நின்றார்.

"இன்னா தம்பி இது? உயிரோட கீற மன்ஷனுக்கு மாலைய போட்டு வச்சிக்கிறியே. நான் சர்ச்சுக்குப் போறவன், எனுக்கு எதுக்குத் துன்னூறு? எம் பொண்டாட்டி பரிமளா இத பாத்ததுலேர்ந்து பேஜார் பண்ணிக்கினு கீறா."

"அது நீங்க இல்ல பெரியவரே. ஜாடைதான்."

"அப்ப மூக்கு மேல கீற மச்சம் யாருது?"

நியாயமான கேள்வி. ஆனால் லேபிள் ஏற்கெனவே அச்சாகியிருந்தது, நிறமும் அவ்வளவு சரியாக வந்திருந்தது. லேபிளை மாற்றுவதைவிட ஆளை மாற்றுவது சுலபம் என்று தோன்றியது. தன்மையாகப் பேசினேன். ஒரகடத்தில் என் நண்பனின் குடோனில் வாட்ச்மேன் வேலை, வெயிலில் நிற்க வேண்டாம், சாப்பாடும் தங்கலும் அங்கேயே, ஆனால் மீசை மட்டும் கூடாது என்றேன். வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். சலூனில் கண்ணாடியைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். வேலை அட்டைக்கு என்று சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கெட்டுப்போன தன் போனை என்னிடம் கொடுத்து, சரிபண்ணி அனுப்பச் சொன்னார். சரிபண்ணினேன். அனுப்பத்தான் இல்லை. மேஜை டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சென்னையிலிருந்து பெரிய கடைக்காரர்கள் நிறுவனரின் ஊரைப் பார்க்க வருவதாகச் சுகிர்தா பதறிக்கொண்டு வந்தாள்.

"மாகறல்காரங்க சிரிக்கிறாங்க அண்ணா. இது நம்ம தானியேலு, ஒரகடத்துல வாட்ச்மேனா கீறாருன்றாங்க. அந்த ஆளு நேர்ல வந்து நின்னா என் பொழப்பு இன்னா ஆவும்?"

யோசித்தேன். உயிரோடிருப்பவரை வைத்துத்தான் ஊர் சிரிக்கும். செத்தவரை வைத்துச் சிரிக்காது. அதனால் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் செய்தேன். லேபிளோடு ஒப்பிட முடியாதபடி மீசையில்லாத படம், அதன்கீழ் தானியேல் என்ற பெயர், ஒரு சிலுவை, ஓரத்தில் வெள்ளைப் பூக்கள், 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற ஒரே வரி. மற்றவர்கள் இதில் உறவினர் முகங்களை அடுக்கிக் கெடுத்துவிடுவார்கள். நான் நிறைய வெற்றிடம் விட்டேன். நான் செய்ததிலேயே அமைதியான வேலை அது. மாகறல் பஸ் நிறுத்தத்தில் என் கையாலேயே கட்டினேன். சென்னைக்காரர்கள் போனதும் அவிழ்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பேனரின் மூலையில் கடைப் பெயரையும் நம்பரையும் போட்டதுதான் முட்டாள்தனம் என்று உங்கள் ஏட்டு சொன்னார். பெயர் போடாமல் வேலையை வெளியே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

அந்தப் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் பரிமளா வந்தார். நடவிலிருந்து நேராக, முழங்கால்வரை சேற்றோடு.

"எங்க கீறாரு? உடம்ப எங்க வச்சிக்கினு கீறீங்க? ஒரு தபா மூஞ்ச பாத்துக்கிறேன் நைனா, காட்டு."

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். பெட்டி இல்லாமலே வீட்டில் ஜெபம் வைத்தார்கள். ஜனங்கள் கூடிப் பாடிக்கொண்டிருந்தபோது தானியேல் லீவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தன் பேனரைத் தானே பார்த்துவிட்டு, ஆரஞ்சுப் பழப் பையோடு வாசலில் போய் நின்றார். அவரைக் கண்டு மயங்கி விழுந்த பரிமளா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். தானியேல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், இது தன் கணவர் இல்லை என்கிறாராம். மீசை வளரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறாராம்.

சுகிர்தா மேல் தப்பில்லை, அவளை விட்டுவிடுங்கள். அவள் அடுத்ததாக, உரித்த சின்ன வெங்காயத்தைப் பாக்கெட்டில் போடப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். 'இனி அழ வேண்டாம்' என்று வாசகம்கூட யோசித்து வைத்திருந்தேன். அதற்குத் தகுந்த முகம்தான் அகப்படாமல் இருந்தது.

ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தானியேல் உயிரோடிருக்கிறார் என்று அந்த அம்மாவிடம் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை ஐயா. சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஷட்டர் வழியாகச் சாய்ந்த வெயில் அவர் கன்னத்தில் விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. சொல்லிவிட்டால் அழுகையை நிறுத்திவிடுவார். அதனால் முதலில் படத்தை எடுத்துக்கொண்டேன்.