ஈரப் பலகைக்குப் புதுச்சட்டை வேண்டாம்

சபைத் தலைவர் கார்த்திகேசு அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் பூசாரி பத்துமலை ஐயா அவர்களே! மண்டபத்துக்குச் சாய டின்கள் வாங்கித் தந்த மாயாண்டி அண்ணன் அவர்களே! முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஈப்போவில் வேலை முடித்து பஸ் பிடித்து வந்த தம்பிமார்களே! என் அழைப்பை ஏற்று வந்த பக்கத்து வீட்டு ரோசம்மா அவர்களே! அனைவருக்கும் இந்த வீரம்மாவின் நவராத்திரி வணக்கம்.

நன்றி சொல்லத்தான் எழுந்தேன். தோட்டம் கைமாறியபோது நாம் குடியிருந்த லயத்து வீட்டுப் பலகைகளைக் கழற்றி, தோளில் சுமந்து வந்து இந்த மண்டபத்தை எழுப்பினீர்களே, அந்தத் தோள்களுக்கு நன்றி! இங்கேதான் நம் பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள். இங்கேதான் தமிழ் எழுதுகிறார்கள். ஆனால் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தீர்களா? நேற்று நான் தொட்டேன். சாயத்தோடு பலகையும் சேர்ந்து பெயர்ந்து வந்தது! ஆண்டுதோறும் பூசுகிறோம், ஆண்டுதோறும் உரிகிறது. சாயத்தின் குற்றமா? சூரியனின் குற்றமா? பெரியோர்களே, நாம் பூசும் காலம்தான் குற்றம்!

போன தீபாவளிக்கு முந்தின நாள் என்ன மழை! என் வீட்டுக்காரர் கையில் பிரஷ். நான் எங்கள் வீட்டுச் சுவருக்குக் குடை! சிரியுங்கள், சிரியுங்கள்! உங்கள் வீட்டில் குடை பிடித்தது யாராம்?

“ஏங்க, பலகை ஈரமா இருக்கே?”

“நாளைக்குத் தீவாளி லா! வாரவங்க பலகையவா தடவிப் பாப்பாங்க?”

தைப்பூசம் கழிந்து வெயில் ஏறியது. சுவர் முழுக்க அப்பளம் பொரிந்தாற்போல் கொப்புளம்! பெயிண்டுக் கடை முதலாளி, அந்தத் தவுக்கேயை ஏசக் கிளம்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரோசம்மா சிரித்தார்.

“அவர ஏன்க்கா ஏசுறீங்க? நானும் அதே டின்தான் வாங்குனேன். ஈரத்த உள்ள வச்சு மூடிட்டீங்க. வெயில் பட்டா அது வெளிய வரத்தானே பாக்கும்?”

“ஒங்க சுவரு மட்டும் எப்படி நிக்குது?”

“ஜூலைல வர்ற புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா சர்ச்சுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க வாராங்கன்னு ஜூன் மாசமே அடிச்சோம். பலகை நல்லாக் காஞ்சு கெடந்துச்சு.”

அதே கடை, அதே டின், அதே குன்றடிவாரத்து வெயில்! தன் மகள் வயிற்றில் இருந்தபோது ரோசம்மா பூசிய சுவர் அது. மகள் இன்று பாலர் பள்ளிக்குப் போகிறாள். சுவர் இன்னும் உரியவில்லை!

ஆகவே, இந்தத் தீபாவளி மழையில் மண்டபத்துக்குச் சாயம் பூச வேண்டாம் என்கிறேன். என்ன கேட்கிறார் மாயாண்டி அண்ணன்? “தீவாளிக்கு மண்டபம் அழுக்காவா நிக்கணும்?” யார் விடுவார்கள் அண்ணே! நாங்கள் கழுவுவோம், கோலமிடுவோம், மாவிலை கட்டுவோம், வரிசையாய் விளக்கேற்றுவோம்! ஆனி வரட்டும், பழைய பூச்சைச் சுரண்டுவோம், இற்ற பலகையை மாற்றுவோம், காயவிட்டுப் பூசுவோம். மூடிய டின் அதுவரை கெடாது. உங்கள் தர்மம் ஈரத்தில் உரிந்து போகக் கூடாதே என்றுதான் அண்ணே இத்தனை பேச்சு! அம்மன் சந்நிதியில் ஒரு நாள் மினுக்கும் சுவரா வேண்டும்? நம் பிள்ளைகள் முதுகு சாய்த்தாலும் அசையாத சுவரல்லவா வேண்டும்!

வேலிக்கு மேல் உண்மை சொன்ன ரோசம்மாவுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், நாவில் நின்ற அம்மனுக்கும் நன்றி, வணக்கம்.

தலைவர் அவர்களே, சனிக்கிழமை சாயம் பூசும் ஆட்கள் பிரஷ்ஷோடு வந்துவிடுவார்கள். வரச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா? அதற்குள் ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.