முன்பே இறந்தவர்கள்

இல்ல வெர்ன், அந்த மகனப் பத்தின வரிய அடிச்சிருங்க. ரொம்ப வருஷமாவே எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆமா, எங்கம்மாவோட மரண அறிவிப்ப எழுதினது தங்கச்சி கார்லாதான். அவளுக்குச் சொன்னத அவ எழுதியிருக்கா. அன்புத் தாய் ஆர்டிஸ், அவங்களுக்கு முன்னாடியே போனவங்க கணவர் லாயல், அப்புறம் பிறந்தன்னைக்கே இறந்த ஒரு மகன்னு.

பேப்பர்காரங்க அஞ்சு மணிக்குள்ள கேக்கறாங்களா? காத்திருக்கட்டும். அச்சுல வந்துட்டா அப்புறம் அதுதான் உண்மை.

எனக்கு அப்ப ஆறு வயசு. அப்பா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தார். தம்பி செத்துட்டான், இனிமே யாரும் அதப் பத்திப் பேசக்கூடாதுன்னார். சர்ச்சுப் பொம்பளைங்க தட்டுத் தட்டா உருளைக்கிழங்கும் கறியுமா சுட்டுக் கொண்டாந்தாங்க. ஒரு வாரம் தின்னோம். நான் ரெண்டாந்தரம் வேற கேட்டு வாங்கித் தின்னேன்.

அப்ப, சவ அடக்கம் பண்ணிக் குடுக்கற இந்த எடத்த நடத்தினது உங்கப்பாதானே? அவர் எழுதிவெச்ச நோட்டப் புரட்டிப் பாருங்க, எங்க வீட்டுக் குழந்தை எதையும் அவர் அடக்கம் பண்ணியிருக்க மாட்டார்.

மே மாசக் கடைசில, செத்தவங்களுக்குப் பூ வைக்க எல்லாரும் கல்லறைக்குப் போவோமே. பெரியப்பாவோட மொத பொண்டாட்டிய அம்மாவுக்குக் கண்ணுல காட்டக்கூடாது. அவளுக்கே ஒரு தொட்டிப் பூ வைப்பாங்க. தம்பிக்குக் கல்லும் கிடையாது, பூவும் கிடையாது. கேட்டா, எங்கயோ தனியா வெச்சிட்டாங்கடாம்பாங்க. நானும் விட்டுட்டேன். ஏன் விட்டேன்? தெரிஞ்சுட்டா ஏதாவது செய்யணுமே. சீ.

அம்மா கெட்டவங்கன்னா தொலையுதுன்னு விட்றலாம், வெர்ன். நல்லவங்க. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாங்க. கையுறை இல்லாம ஏறுற பிள்ளைக்குத் தன்னோடதக் கழட்டிக் குடுப்பாங்க. ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இதையும் எழுதிக்கங்க. உயிரோட இருக்கறவங்க வரிசையில, எனக்கும் கார்லாவுக்கும் நடுவுல, தம்பி பேரு டீன், அதப் போடுங்க. சனிக்கிழமை அடக்கத்துக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி கூட வேணும். டுலூத் ஊர்ல, பார்த்துக்க ஆள் இருக்கற ஒரு வீட்டுல இருக்கான். நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். பிறந்தப்பவே மூளை வளராதுன்னு டாக்டர் சொன்னாராம், ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா அரசாங்கக் காப்பகத்துக்கு அனுப்பிட்டாங்களாம், அம்மாவே சொன்னது.

எப்படி வெளிய வந்துச்சுங்கறீங்களா? போன செவ்வாக்கிழம அம்மாவுக்கு சூப் ஊட்டிக்கிட்டிருந்தேன். செத்தவனப் பத்திக் கேக்கறாப்ல நான் கேக்கல. கரண்டிய ஒதுக்கிட்டு, யோசிக்காம, மார்ச்சு வந்தா நாப்பத்தொம்பதுன்னாங்க. நான் கேட்டது அவ்வளவுதான்: தம்பிக்கு இப்ப எத்தன வயசும்மா?