மாடியிலிருந்து இறங்கிய ஏசி

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வயது ஐம்பத்திரண்டு. வணிகவியலில் முதுகலை. படங்களுக்குச் சட்டம் போடும் அண்ணனின் கடையில் கணக்கு பார்க்கிறேன். இருப்பது அண்ணன் வீட்டு மாடி அறை. வரி அலுவலக விசாரணை அதிகாரிக்குத் தெரிவிப்பதாவது:

கடைக்கு வாங்கும் கண்ணாடி, மரம், பசை முதலியவற்றுக்கு நாங்கள் கொடுக்கும் விற்பனை வரியை, வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பொருள் கடையில் பயன்பட வேண்டும், ரசீதும் கடை பெயரில் இருக்க வேண்டும். இதை அண்ணனுக்குப் பல தடவை விளக்கியிருக்கிறேன். அவர் ரசீதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

சென்ற கோடையில் அவர் தம் படுக்கையறைக்கு ஏசி வாங்கி, ரசீதைக் கடை பெயரில் போட்டுக் கொண்டுவந்தார். இதற்கு வரி கழிக்க முடியாது என்றேன். "மொதலாளி நல்லா தூங்கினாத்தான்டா கடை நடக்கும். எழுது" என்றார். எழுதி, வரிப் படிவத்தில் வழக்கம்போல நானே கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு, அதே மாதிரி ஏசி ஒன்றை என் சேமிப்பில், என் பெயரில், முழு வரியும் கொடுத்து வாங்கி மாடி அறையில் மாட்டினேன். அதற்கு ஒரு காசும் திரும்பக் கேட்கவில்லை.

அதன் பிறகு, கடையைப் பார்வையிட வருவதாகத் தங்கள் அறிவிப்பு வந்தது. கடையில் ஏசி இல்லை. அண்ணன் அறையில் இருப்பதைக் கழற்றி மாட்டலாம் என்றேன். அண்ணி கதவை மறித்துக்கொண்டு நின்றார். "இப்பதான் பெயின்ட் அடிச்ச சுவரு, தம்பி. உங்க ரூம் சுவரு எப்படியும் உரிஞ்சுதானே கெடக்கு" என்றார். அதன் பிறகு ஆட்கள் வந்து என் ஏசியைக் கழற்றிக் கடையில் மாட்டினார்கள். இரண்டுக்கும் வரிசை எண் வேறு, ரசீதில் அண்ணன் ஏசியின் எண்தான் இருக்கிறது என்று, ஏணியைப் பிடித்தபடியே சொன்னேன். "அவரு என்ன, ஏணி போட்டு ஏறியா பாக்கப்போறாரு?" என்றார் அண்ணன்.

தாங்கள் ஏணி கேட்டீர்கள். அப்போதும் நான்தான் பிடித்தேன்.

எண் பொருந்தவில்லை என்று தாங்கள் சொன்னதும் அண்ணன், "எனக்கு ஃபிரேம் போட மட்டும்தான் தெரியும் சார். கணக்கெல்லாம் தம்பிதான். படிச்சவன்" என்றார். எங்கள் வீட்டில் என் படிப்பை ஒருவர் மதித்துப் பேசியது அன்று ஒரு நாள்தான். அதன் பிறகு, பொய்யாக வரி கழித்ததாக என் மேல் மட்டும் வழக்குத் தொடரப்போவதாகத் தங்கள் கடிதம் வந்தது. அபராதத்தைத் தானே கட்டிவிடுவதாகவும், வெளியே மூச்சு விடக் கூடாது என்றும் அண்ணன் சொல்கிறார். அபராதம் அவருடையதாக இருக்கட்டும். குற்றவாளி என்ற பெயர் எனக்கல்லவா?

என் ஏசிக்குத் தாங்கள் சீல் வைத்துவிட்டீர்கள். அது இருந்த ஓட்டை வழியே, கீழே அண்ணனின் ஏசி வெளியே தள்ளும் சூடான காற்று என் அறைக்குள் வருகிறது. அந்த ஏசியின் எண்ணை ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏணி கடையில் இருக்கிறது. இந்த முறை வேறு யாராவது பிடிக்கட்டும்.

மேலே எழுதியதில் நான் கூட்டியதும் இல்லை, கழித்ததும் இல்லை. நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுத்தான் இந்த நிலைக்கு வந்தேன். எழுதியது யார் என்று தங்களுக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரிந்துவிடும். ஆகவே இதில் மட்டும் கையெழுத்துப் போடாமல், இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.