பன்னிரண்டாவது சுற்று

எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். அக்கா எழுதி வைக்கும் கடைச் சீட்டில் வரி கோணலாக இருந்தால்கூட, திரும்ப எழுதிவிட்டுத்தான் பையை எடுப்பேன். "சோப்பு வாங்கப் போறவன் சீட்டுக்கு மார்க் போட்டுட்டு நிக்கிறான் பாரு" என்பாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அலுவலகத்திலும் எனக்கு மார்க் போடுகிற வேலைதான். எங்கள் இணைய உலாவியின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். என்னைப் போல் சம்பளத்துக்கு உழைப்பவர்கள் நாற்பது பேர். ஆசைக்கு எழுதும் தன்னார்வலர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் அனுப்பும் திருத்தத்தை வரி வரியாகப் பார்த்து, குறை சொல்லித் திருப்பி அனுப்பி, எல்லாம் சரியானதும் ஒப்புதல் தருபவன் நான். தன்னார்வலர்கள் தங்களை உறுத்திய ஒன்றைச் சரிசெய்வார்கள், ஒப்புதல் கிடைத்ததும் போய்விடுவார்கள். பதினாறு வருடத்தில் திரும்பி வந்து என்னை விசாரித்தவர் ஒருவரும் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

குடை என்று ஒருவர் வந்தார். பெயருக்குப் பக்கத்தில் முகப் படத்துக்குப் பதிலாகக் கறுப்புக் குடை ஒன்றை வைத்திருந்தார். பல் மருத்துவரிடம் உதவியாளர், சாப்பாட்டு இடைவேளையில் நிரல் எழுதும் பெண் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அவர் கண்டுபிடித்த ஓட்டை நிஜமானது. நாம் இருக்கும் இடத்தைப் பார்க்க ஒரு இணையப் பக்கத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் பிறகு ரத்து செய்தாலும், பழைய அனுமதி உள்ளே ஒரு மூலையில் உயிரோடு இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், நாம் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பது அதை நடத்துபவருக்குத் தெரிந்துவிடும். புகாரோடு திருத்தத்தையும் எழுதி அனுப்பியிருந்தார்.

இப்படிப்பட்ட புகாரை நாங்கள் பூட்டி வைப்போம். சரிசெய்யும்வரை நாலைந்து பேர் கண்ணில் மட்டும்தான் படும். நான் அதை என் பெயரில் எடுத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் ஒரு பிழை சொன்னேன், மறுநாளே திருத்தி அனுப்பினார். இரண்டாவது சுற்றில் மாறிகளின் பெயர்களை மாற்றச் சொன்னேன். மூன்றாவதில் குறிப்புரைகள் நீளம் என்றேன். நான்காவது சுற்றோடு ஒரு கேள்வியும் வந்தது: "சாப்டீங்களா சார்?"

அதன் பிறகு தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு எழுதுவார். சில நாள் ஒரு வரி, சில நாள் பத்து வரி. விடுமுறை நாளில் வீட்டிலிருந்தே பார்ப்பேன். "யாருடா அது? ஒரு மணியானா மூஞ்சியில பல்பு எரியுது" என்று அக்கா கேட்டாள். வேலை விஷயம் என்றேன். பொய் இல்லையே.

ஆறாவது சுற்றுக்குப் பிறகு வந்த தனிச் செய்தி புகாரின் பதிவில் இருக்காது. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இருவரும் அதைப் பார்த்திருக்க முடியாது. எனக்கு மனப்பாடம்.

"சார், இது எனக்கில்ல, என் தங்கச்சிக்கு. புருஷன் அடி தாங்காம வீட்ட விட்டுப் போயிட்டா. எங்க இருக்கான்னு எனக்கே சொல்லல, நம்பரும் மாத்திட்டா. என்னை மிரட்டினா நான் உளறிடுவேனோன்னு பயம். குழந்தை அவன்கிட்ட இருக்கு. குழந்தை படம் போடுற பக்கம் அவனுதுதான். அதுக்கு முன்ன இடம் பாக்க அனுமதி குடுத்திருந்தா, போறப்ப ரத்து பண்ணிட்டா. அதைத் திறக்காம அவளால இருக்க முடியாது. அவ போன்ல இந்த பிரவுசர நான்தான் சார் போட்டுக் குடுத்தேன். அவளுக்குச் சேதி சொல்ல எனக்கு வேற வழியே இல்ல. நீங்க ஒப்புதல் குடுத்தா எல்லார் போனுக்கும் போற அப்டேட் அவளுக்கும் போயிடும்."

இரண்டு தடவை படித்தேன். பாவமாக இருந்தது, நிஜமாகவே இருந்தது. அவசரத்தில் தப்பு நடந்துவிடக் கூடாது, பொறுமையாகச் செய்வோம் என்று பதில் எழுதினேன். ஏழாவது சுற்றில், சோதனைகளை இரண்டு கோப்பாகப் பிரிக்கச் சொன்னேன். ஒன்பதாவதில் மறுபடி ஒன்றாக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சரிங்க சார்" என்றார்.

பக்கத்து மேசைக்காரர் ஒருநாள், "அந்தப் பூட்டின புகார் உங்ககிட்டயே கிடக்குதே, நான் பாத்து முடிச்சுடட்டுமா?" என்றார்.

"வேணாம், கடைசிக் கட்டத்துல இருக்கு."

பன்னிரண்டாவது சுற்றில் சொல்ல எதுவும் மிச்சமில்லை. தேடித் தேடி, எண்பத்து மூன்றாவது வரியின் கடைசியில் ஒரு வெற்று இடைவெளி அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதை நீக்கி அனுப்புங்கள் என்று எழுதினேன்.

மறுநாள் ஒரு மணிக்கு எதுவும் வரவில்லை. எட்டு நாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்தது.

"கண்டுபிடிச்சுட்டான் சார். நேத்து அவள அடக்கம் பண்ணினோம். இனிமே அவசரம் இல்ல."

தாமதத்துக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை என்று உங்களுக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. அந்தத் திருத்தம் இரண்டாவது சுற்றிலேயே சரியாக இருந்தது. ஒப்புதல் கொடுத்தால் குடையும் மற்றவர்களைப் போலப் போய்விடுவார், ஒரு மணிக்கு யாரும் என்னிடம் 'சாப்டீங்களா' என்று கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் நிறுத்தி வைத்தேன். அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்தே நிறுத்தி வைத்தேன்.

பிறகு அந்த இடைவெளியை நானே நீக்கினேன். ஒரு விசையைத் தட்டினால் போதுமாக இருந்தது. அந்த வாரமே அப்டேட் எல்லோருக்கும் போனது. என் கணினியிலும் வந்து, நிறுவட்டுமா என்று கேட்டது. நாலு நாள் 'பிறகு' என்பதையே அழுத்தினேன். அந்தக் கேள்வி தினமும் ஒரு மணிக்குத்தான் வந்தது. இப்போதும் விடுமுறை நாளில் ஒரு மணியானால் கை சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றுவிடுகிறது. அக்கா இரண்டு முறை காரணம் கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

ஒப்புதலோடு தன்னார்வலர்களுக்கு நான் எப்போதும் ஒரு வரி எழுதுவது வழக்கம். குடைக்கும் எழுதினேன்: "நல்ல வேலை. தொடர்ந்து எழுதுங்கள்."

பதில் இன்னும் வரவில்லை. பாவம், துக்க வீடு, கொஞ்ச நாள் ஆகும்.