கோட்டிங் காயும் வரை

காருக்கு மெழுகு பூசுவதென்றால் வெயிலில் மட்டும் பூசக் கூடாது, நௌஷாட் மச்சான். தகரம் சூடாக இருந்தால் மெழுகு திட்டுத் திட்டாக இறுகிவிடும். பிறகு எத்தனை துணி பிடித்தாலும் வராது. காலையில், மதில் நிழல் முற்றத்தை விட்டுப் போவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். உங்கள் உம்மா மௌத்தான அன்று கார் ஏன் எடுபடவில்லை என்று கேட்டீர்கள். கட்டாரிலிருந்து வந்தும் அடக்குமுன் உம்மாவின் முகத்தைப் பார்க்கக் கிடைக்காதவர் கேட்பது நியாயம். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் உங்கள் தங்கை ஸாலிஹாவைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தவன். காத்தான்குடியில் எல்லா மாப்பிள்ளைகளும் பெண் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு உங்கள் உம்மா, என் மாமி, மகளுக்குக் கொடுத்தது. கட்டில், அலுமாரி, நான் தேத்தண்ணி குடிக்கிற கோப்பை வரைக்கும் மாமி கொடுத்ததுதான். கார் மட்டும் நான் வாங்கியது. கறுப்பு நிறம். கறுப்பில் மயிரளவு கீறலும் தெரியும்.

மாமி அந்தக் காரின் முன்பக்கப் பொனட்டில்தான் இறால் காயப் போடுவார். தகரச் சூட்டில் கெதியாகக் காய்கிறதாம். சுளகை வைப்பார், காய்ந்ததும் இழுத்து எடுப்பார். ஒரு நாள் முன் லைட் வரைக்கும் நீளமாகக் கோடு விழுந்துவிட்டது. நான் மெதுவாகத்தான் சொன்னேன்.

"மாமி, கீறுப்படுது. கீழ வைங்களன்."

"என்ட வளவுக்குள்ள நிக்கிற கார்தானே மகன்," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பகிடிதானே. மாமி மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. ஸாலிஹாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

அந்தக் கோட்டை எடுக்கத்தான் அன்று காலை இறங்கினேன். முதலில் கழுவினேன். வாவிக் காற்று கொண்டுவந்து ஒட்டுகிற உப்பு கழுவினால் போகாது. அதற்கென்று களிமண் போல ஒரு கட்டி விற்கிறார்கள், அதால் உருட்டி எடுக்க வேண்டும். பிறகு பொலிஷ், சின்னச் சின்ன வட்டமாக. கோடு மறைந்தது. அதன்மேல் கோட்டிங் பூசினேன். அது காய்ந்த பிறகுதான் மெழுகு. காய ஒரு நாளாகும், அதுவரை தண்ணீர் படக் கூடாது என்று போத்தலில் எழுதியிருந்தது.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தபோது வாவிப் பக்கம் வானம் கறுத்திருந்தது. ஸாலிஹா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"காரை எடுங்க. உம்மாக்கு நெஞ்சு நோகுதாம், வேர்த்து ஊத்துது."

"பெட்டரி இறங்கிட்டு," என்றேன்.

காலை முழுக்க காரில் ரேடியோ போட்டுக்கொண்டுதான் வேலை செய்திருந்தேன். அதனால் நம்பினாள். ஓட்டோ பார்க்கத் தெருவுக்கு ஓடினாள். அடுத்த தெருவில் கலியாணம். ஓட்டோக்காரர்களெல்லாம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமிக்குப் பெட்டரிக் கதை தெரியாது. தானாகவே எழும்பி முற்றத்துக்கு வந்துவிட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நான் கதவைத் திறப்பேன் என்று காருக்குப் பக்கத்தில் நின்றார். கால் தள்ளாடியபோது பொனட்டில் கையை ஊன்றினார்.

"மாமி, அதுல ஊண்டாதீங்க. இன்னும் காயல்ல."

உடனே கையை எடுத்துவிட்டார். என் பேச்சை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றுதான். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைத்தேன். தண்ணீரும் கொடுத்தேன். ஓட்டோ வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். ஸாலிஹா அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள். ஓட்டோ தேட இன்னும் வேகமாக ஓடியிருக்க வேண்டும் என்கிறாள். அவளில் பிழை இல்லை என்று நான் ஆறுதல் சொல்கிறேன்.

அடக்கிவிட்டு வந்த பிறகுதான் பொனட்டைப் பார்த்தேன். ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. தேய்த்து எடுத்துவிட்டேன். பெருவிரல் பக்கம்தான் கொஞ்சம் மினக்கெட வேண்டியிருந்தது.

பெட்டரிக்கு ஒன்றுமில்லை, மச்சான். போன லீவில் நீங்களே வாங்கிப் போட்டுத் தந்த புதுப் பெட்டரி. அன்று நான் ஸ்டார்ட் பண்ணியே பார்க்கவில்லை. கார்த் திறப்பு என் சட்டைப் பைக்குள் இருந்தது. மழை வரும்போல் இருந்தது, அவ்வளவுதான். வேறு காரணம் தேடாதீர்கள்.

காயாமல் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். புள்ளி புள்ளியாகத் தழும்பு விழும். அதைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். ஒரு காலை நேர வேலை. போத்தலில் பாதி மிச்சமிருந்தது.