கட்டிப்பிடிக்க ஒரு வரிசை

வார்விக்: ஸ்டிப்பே, வாக்கி-டாக்கிய அணைச்சிராத. சாப்பாட்டு நேரம்டா. கிரேன விட்டு இறங்கி வா.

ஸ்டிப்பே: பசிக்கல.

வார்விக்: உனக்கா? நின்னுக்கிட்டே கறி வச்ச மீட் பை ரெண்டு முழுங்குற ஆளு...

ஸ்டிப்பே: கீழ என்ன வரிசை அது? கான்கிரீட் லாரிலேர்ந்து கேட் வரைக்கும்?

வார்விக்: அது... நம்ம பசங்கதான்...

ஸ்டிப்பே: எதுக்கு நிக்கிறானுங்க?

வார்விக்: உன்னக் கட்டிப்பிடிக்க.

ஸ்டிப்பே: என்னது!

வார்விக்: சிட்னிலேர்ந்து அந்தம்மா வந்து பரிவுப் பயிற்சி குடுத்துச்சுல்ல... கூட வேலை பாக்குறவன் மனசு ஒடைஞ்சிருந்தா கட்டிப்பிடிக்கணும், மூணு மூச்சு வரைக்கும் விடக்கூடாதுன்னு. உன் நாய் செத்தது...

ஸ்டிப்பே: எவன் சொன்னான்?

வார்விக்: நீதான். நேத்து பப்ல.

ஸ்டிப்பே: ஷார்க்கோ போயிட்டான்னுதான் சொன்னேன். கட்டிப்பிடின்னு கேட்டேனா? எங்கப்பன் செத்தப்பவே தோள்ல ஒரு தட்டு, கையில ஒரு பீரு, அதோட சரி. நீதான ஃபோர்மேன்? போகச் சொல்லு.

வார்விக்: பசங்க ஆசையா நிக்கிறாங்கடா. ஒத்திகைகூட பாத்தாச்சு. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதி, பிளம்பருக்கு மூக்கு வீங்கிருச்சு.

ஸ்டிப்பே: கழட்டித் தொலைக்க வேண்டியதுதான?

வார்விக்: கிரேனுக்குக் கீழ ஹெல்மெட்ட கழட்டுறதா? பாதுகாப்பு விதி இருக்குல்ல?

ஸ்டிப்பே: எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும். அப்புறமா வர்றேன்.

வார்விக்: ஐயோ, அவ்வளவு நேரமா?... சரி, பதறாத. அந்தம்மா சொன்ன மாதிரி மூச்ச இழு... விடு... பாதத்த மட்டும் நினை... கீழ பாக்காத...

ஸ்டிப்பே: நான் ஏன் கீழ பாக்கக் கூடாது? சொகுசா சீட்லதான உட்காந்திருக்கேன்.

வார்விக்: இழு... விடு...

ஸ்டிப்பே: உனக்கென்ன இப்படி இரைக்குது? கீழ ஆபீஸ் ஷெட்லதான இருக்க?

வார்விக்: ஜன்னல் தொறந்திருக்கு... காத்து.

ஸ்டிப்பே: வார்விக்... உண்மையச் சொல்லட்டா? ஒருத்தன் தொட்டாலும் நான் அழுதுருவேன். காலைலேர்ந்து இங்க அதத்தான் பண்ணிட்டிருக்கேன். போர்வைய போத்தி வச்சிட்டு வந்தேன்டா ஷார்க்கோவ...

வார்விக்: அழுடா. யாரு வேணாங்குறா? ஆனா... இறங்கி வந்து அழு. இப்பவே.

ஸ்டிப்பே: அப்படி என்ன அவசரம் உனக்கு?

வார்விக்: உன்னக் கையோட கூட்டிட்டு வரலாம்னு நானே ஏறினேன்... உன் கிரேன் ஏணில பாதில நிக்கிறேன்டா. எனக்கு உயரம்னாலே உயிர் போயிரும், இத்தன வருஷமா எவன்கிட்டயும் சொன்னதில்ல... கை கம்பிய விட மாட்டேங்குது. சீக்கிரம் வந்து என்னக் கட்டிப்பிடி. மூணு மூச்செல்லாம் பத்தாது.